குருதிப் பரிசோதனைத் துண்டை வாசிக்கப் பழகுவோம்
கல்சியமும் விற்றமின்களும்: குடும்பங்களுக்கான ஒரு பாடம்

சென்ற மாரி காலத்தில் ஒரு நாள் காலை ஒரு தாய் எம்மிடம் வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. பைக்குள் காணி உறுதியின் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், பழைய நிவாரண அட்டை, எல்லாவற்றுக்கும் மேலே நான்காக மடித்த ஒரு தாள். இடம்பெயர்ந்த குடும்பம் எதை விட்டு ஓடினாலும் விடாமல் தூக்கி வரும் பை அது. அந்தப் பைக்குள் இடம் பெற்ற தாள் என்றால் அது முக்கியமானது என்பது எமக்கு விளங்கியது.

"பாதர், இதில கல்சியத்துக்குப் பக்கத்தில எல் எண்டு போட்டிருக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளை பாத்திட்டு, உங்கட எலும்பு உருகுது அன்ரி எண்டு சொல்லுது. ரெண்டு மாசமாக் கடையில கல்சியம் குளிசை வாங்கிப் போடுறன். காதில கிடந்த தோட்டையும் அடகு வைச்சிட்டன். கால் வீக்கம் மட்டும் குறையேல்லை."

தாளைப் பார்த்தோம். கல்சியம் 7.9 என்று இருந்தது. பக்கத்தில் உண்மையாகவே 'எல்' என்ற எழுத்து. ஆனால் அதற்கு நான்கு வரி கீழே இன்னொரு 'எல்' இருந்தது. அதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த இரண்டாவது 'எல்'தான் அவருடைய கால் வீக்கத்தின் கதையைச் சொல்லியது. அந்தக் கதைக்குப் பின்னர் வருவோம்.

நாம் வைத்தியர் அல்ல. வைத்தியர் சொல்வதை மாற்றிச் சொல்வதும் எமது வேலை அல்ல. ஆனால் கிராமங்களிலும் தற்காலிகக் குடியிருப்புகளிலும் எம்மிடம் வரும் தாள்கள் கொஞ்சம் அல்ல. தாளைப் பார்த்துத் தேவையில்லாமல் பயப்படுகிறோம். அல்லது பயப்பட வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிடுகிறோம். இரண்டுக்கும் விலை கொடுப்பது நாம்தான். விதைப்புக்கு முன் மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கத் தெரிந்த எமது மக்களுக்கு இந்தத் தாளை வாசிப்பதும் ஏலாத காரியம் அல்ல.

1. தாளில் உள்ள எல்லைகள் எங்கிருந்து வந்தன?

ஒவ்வொரு பரிசோதனைக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். கல்சியத்துக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 வரை என்று இருக்கும். இதை 'சாதாரண எல்லை' என்கிறோம். எமது பெறுமானம் இதற்குக் கீழே போனால் 'எல்' என்ற எழுத்தும், மேலே போனால் 'எச்' என்ற எழுத்தும் விழும். 'எல்' குறைவு, 'எச்' கூடுதல். இதைப் போடுவது பெரும்பாலும் இயந்திரம்தான். உங்களைப் பார்த்து, உங்கள் நோயைக் கேட்டுப் போட்ட எழுத்து அல்ல.

இந்த எல்லைகள் எப்படி வந்தன? சுகமாக இருக்கும் பலரின் குருதியைச் சோதித்து, அவர்களில் நடுவே நிற்கும் 95 வீதத்தினரின் அளவைச் 'சாதாரணம்' என்று எடுத்தார்கள். அப்படியென்றால் சுகமாக உள்ள 100 பேரில் 5 பேர் எந்த நோயும் இல்லாமலே எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒரே தாளில் 20 பரிசோதனைகள் செய்தால், சுகதேகிக்கும் ஏதாவது ஒன்றில் எழுத்து விழுவது வழமையான காரியம்.

எனவே முதலாவது பாடம்: எழுத்து விழுந்தது என்பது நோய் என்ற தீர்ப்பு அல்ல. 'இதைக் கொஞ்சம் கவனி' என்ற அறிவித்தல் மட்டுமே. எல்லைக்கு ஒரு புள்ளி வெளியே நிற்பது வேறு. வெகுதூரம் போயிருப்பது வேறு.

2. எண்ணோடு அலகையும் பாருங்கள்

நெல்லைப் புசலிலும் அளக்கலாம், கிலோவிலும் நிறுக்கலாம். எண் மாறும், நெல் மாறாது. குருதியிலும் அப்படித்தான். ஓர் ஆய்வுகூடம் கல்சியத்தை மில்லிகிராமில் தரும். இன்னொன்று மில்லிமோலில் தரும். மில்லிமோல் எண்ணை 4 ஆல் பெருக்கினால் மில்லிகிராம் எண் கிடைக்கும். 2.2 என்ற கல்சியத்தைப் பார்த்து, "ஐயோ, இரண்டுதான் இருக்கு" என்று அழ வேண்டியதில்லை. 2.2 ஐ 4 ஆல் பெருக்கினால் 8.8. அது எல்லைக்குள்தான்.

விற்றமின் டீயில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். நனோகிராமில் வந்த எண்ணை 2.5 ஆல் பெருக்கினால் நனோமோல் எண் வரும். அக்காவின் தாளில் 22 நனோகிராம், தங்கையின் தாளில் 50 நனோமோல் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் தங்கைக்குக் கூட என்று தோன்றும். ஆனால் 50 நனோமோல் என்பது 20 நனோகிராம்தான். அக்காவுக்கே கொஞ்சம் கூட.

இரண்டாவது பாடம்: போன வருடத் தாளையும் இந்த வருடத் தாளையும் ஒப்பிடும்போது, இரண்டிலும் அலகு ஒன்றா என்று முதலில் பாருங்கள். முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் செய்வது நல்லது.

3. கல்சியம்: வண்டிலில் போவதும் நடந்து போவதும்

இனி அந்தத் தாயின் தாளுக்கு வருவோம்.

குருதியில் ஓடும் கல்சியத்தில் ஏறத்தாழப் பாதி, சுதந்திரமாகத் தனியே ஓடுகிறது. நரம்பு, தசை, இதயம் எல்லாவற்றுக்கும் வேலை செய்வது இந்தப் பாதிதான். மற்றப் பாதியின் பெரும்பகுதி அல்புமின் என்ற புரதத்தில் ஏறிப் போகிறது. சந்தைக்குப் போகும் சனத்தில் பாதிப்பேர் நடந்தும் பாதிப்பேர் வண்டிலிலும் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுகூடம் வழமையாக எண்ணுவது எல்லோரையும் சேர்த்த மொத்தத் தொகை. வண்டில்கள் குறைந்தால் வண்டிலில் போவோர் குறைவர். மொத்தத் தொகையும் குறையும். ஆனால் நடந்து போவோர், அதாவது வேலை செய்வோர், குறையாமல் இருக்கலாம்.

அந்தத் தாயின் தாளில் இரண்டாவது 'எல்' அல்புமினுக்குப் பக்கத்தில் இருந்தது. சாதாரணமாக 3.5 முதல் 5 கிராம் வரை இருக்க வேண்டியது, அவருக்கு 2.8. வண்டில்கள் குறைவு. இப்படியான வேளையில் வைத்தியர்கள் ஒரு சின்னக் கணக்குப் போடுவார்கள்:

4.0 இலிருந்து அல்புமினைக் கழிக்க வேண்டும்: 4.0 − 2.8 = 1.2
அதை 0.8 ஆல் பெருக்க வேண்டும்: 1.2 × 0.8 = 0.96
அதைக் கல்சியத்தோடு கூட்ட வேண்டும்: 7.9 + 0.96 = 8.86

8.86 எல்லைக்குள் இருக்கிறது. அவருக்குக் கல்சியக் குறைபாடு இருப்பதாக அந்தத் தாள் சொல்லவே இல்லை. (இந்தக் கணக்கு ஒரு மதிப்பீடுதான். கடும் நோயாளருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் இது பிழைக்கும். அவர்களுக்குச் சுதந்திரமான கல்சியத்தை நேராகவே அளக்கும் பரிசோதனை உண்டு.)

சரியான கேள்வி, "ஏன் கல்சியம் குறைவு?" என்பது அல்ல, "ஏன் அல்புமின் குறைவு?" என்பதுதான். ஈரல் நோய், நாட்பட்ட தொற்று, சிறுநீருடன் புரதம் வெளியேறுவது எனப் பல காரணங்கள் இருக்கலாம். அவரை அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்பினோம். சிறுநீரைச் சோதித்தார்கள். அவருடைய புரதம் சிறுநீரோடு போய்க்கொண்டிருந்தது. சிறுநீரகத்துக்கு மருந்து தொடங்கினார்கள். கால் வீக்கம் இப்போது குறைந்து வருகிறது. தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அது வீணாகப் போன இரண்டு மாதத்தின் விலை.

மூன்றாவது பாடம்: கல்சியத்தைத் தனியே வாசிக்கக் கூடாது. பக்கத்தில் அல்புமின் எவ்வளவு என்று பாருங்கள். தாளில் அல்புமின் இல்லையென்றால் வைத்தியரிடம் கேளுங்கள்.

4. பானை நிறைந்திருக்கலாம், விதைநெல் இருக்கிறதா?

இனி நாம் விட்ட ஒரு பிழையைச் சொல்ல வேண்டும்.

1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி வந்த ஒரு முதியவர். வெங்காயமும் புகையிலையும் செய்து வாழ்ந்தவர். காலும் இடுப்பும் நோகிறது, குந்தினால் எழும்ப முடியவில்லை என்று சொல்லிக் கொண்டு தாளைக் காட்டினார். கல்சியம் 9.2. எழுத்து ஒன்றும் இல்லை. "ஐயா, உங்களுக்கு ஒண்டும் இல்லை, எலும்பு நல்லாயிருக்கு" என்று நாம் சொல்லி அனுப்பினோம். மூன்று மாதம் கழிய அவர் கிணற்றடியில் சறுக்கி விழுந்தார். பெரிய விழுகை அல்ல. ஆனால் இடுப்பெலும்பு முறிந்தது.

எமது பிழை என்ன? குருதியில் உள்ள கல்சியத்தைப் பார்த்து எலும்பைப் பற்றிப் பேசினோம்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கல்சியம் உண்டு. அதில் 99 வீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. குருதியில் ஓடுவது அரைக் கிராமுக்கும் குறைவு. ஆனால் அந்தச் சிறு அளவு குறைந்தால் இதயமும் நரம்பும் தடுமாறும். அதனால் உடல் அதைக் குறையவே விடாது. கழுத்தில் தைரொயிட்டுச் சுரப்பியின் பின்னால் பரத்தைரொயிட்டு என்ற நான்கு சிறிய சுரப்பிகள் காவல் இருக்கின்றன. குருதியில் கல்சியம் சற்றுக் குறைந்தவுடன் அவை ஒரு ஓமோனைச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்துக் குருதியில் விடும். சிறுநீரோடு போவதைத் தடுக்கும். விற்றமின் டீயை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றிக் குடலிலிருந்து கூடுதலாக உறிஞ்சச் செய்யும்.

பஞ்ச காலத்தில் விதைநெல்லைக் குத்திச் சமைக்கும் வீட்டை நாம் அறிவோம். அடுப்படியில் பானை நிறைந்திருக்கும். வந்து பார்ப்பவர், "இந்த வீட்டில் குறையில்லை" என்று சொல்லிப் போவார். உள்ளே விதைநெல் மூட்டை வற்றிக்கொண்டிருக்கும். குருதிக் கல்சியம் பானை. எலும்பு விதைநெல் மூட்டை.

முதியவருக்கு வைத்தியசாலையில் வேறு பரிசோதனைகள் செய்தார்கள். விற்றமின் டீ 9 நனோகிராம் மட்டுமே. பரத்தைரொயிட்டு ஓமோன் உயர்ந்திருந்தது. அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்ற, எலும்பின் பாட்டைச் சொல்லும் இன்னொரு அளவும் கூடியிருந்தது. கல்சியம் அப்போதும் எல்லைக்குள்தான்.

நான்காவது பாடம்: கல்சியம் சாதாரணம் என்பது எலும்பு பலமாக உள்ளது என்பதற்குச் சாட்சி அல்ல. எலும்பு நோவு, குந்தி எழும்ப முடியாமை, ஆடி ஆடி நடத்தல் இருந்தால் தாளில் எழுத்து இல்லாவிட்டாலும் திரும்பவும் வைத்தியரிடம் போக வேண்டும்.

5. விற்றமின் டீ: வெயில் உள்ள நாட்டில் குறைபாடா?

வருடம் முழுவதும் வெயில் எறிக்கும் எங்கள் பிரதேசத்தில் ஒரு கமக்காரனுக்கு எப்படி விற்றமின் டீ குறையும் என்று நாமும் கேட்டோம். முதியவரே பதில் சொன்னார்: "தோட்டம் இருக்கேக்க விடிஞ்சாப் பொழுதுபட்டா வெயில்தான் பாதர். தோட்டம் போன பிறகு எனக்கு வெளியில என்ன வேலை? கொட்டிலுக்குள்ளதான் கிடக்கிறன்."

விற்றமின் டீயில் பெரும்பகுதி வெயில் படும்போது எமது தோலிலேயே உண்டாகிறது. கண்ணாடிக்கு உள்ளே வரும் வெயிலில் அது உண்டாகாது. அதிகாலை, மாலை வெயிலிலும் மிகக் குறைவு. எமது நிழல் எம்முடைய உயரத்தைவிடக் குறைவாக இருக்கும் வேளையே ஏற்றது. கறுத்த தோலுக்குக் கூடுதலான நேரம் தேவை. வயல் வேலை செய்பவருக்கு இது தன்பாட்டில் கிடைக்கும். கொட்டிலுக்குள் படுத்திருக்கும் முதியவர், உடலை முழுவதும் மூடி நடப்பவர், நாள் முழுவதும் ஆடைத் தொழிற்சாலையில் இருக்கும் பிள்ளை ஆகியோருக்குக் கிடைப்பதில்லை.

தாளில் பார்க்க வேண்டியது '25 ஐதரொக்சி விற்றமின் டீ' என்ற பரிசோதனை. அதுதான் உடலில் உள்ள கையிருப்பைக் காட்டும். பெறுமானத்தை இவ்வாறு வாசிக்கலாம்:

12 நனோகிராமுக்குக் குறைவு: தெளிவான குறைபாடு, வைத்தியம் தேவை.
12 முதல் 20 வரை: சிலருக்குப் போதாது, நோயின் அறிகுறிகளோடு சேர்த்து வைத்தியர் தீர்மானிப்பார்.
20 உம் அதற்கு மேலும்: எலும்பைப் பொறுத்தவரை பெரும்பாலானோருக்குப் போதும்.
100 இற்கு மேல்: கூடிப்போய்விட்டது; 150 இற்கு மேல் நஞ்சாகும் ஆபத்து உண்டு.

சில ஆய்வுகூடங்கள் 30 இற்குக் கீழே எல்லாவற்றுக்கும் 'எல்' போடும். 2011 இல் அமெரிக்க ஓமோன் வைத்தியர் சங்கம் 30 என்ற இலக்கைச் சொல்லியிருந்தது. 2024 இல் அதே சங்கம் அந்த இலக்கைக் கைவிட்டது. சுகமாக உள்ளவர்கள் இந்தப் பரிசோதனையை வழமையாகச் செய்யத் தேவையில்லை என்றும் ஆலோசனை சொன்னது. ஆகவே 24 என்று வந்த தாளை வைத்துக்கொண்டு கடன்பட வேண்டாம். மருந்து தொடங்கியவர்களும் மாதா மாதம் சோதிக்க வேண்டாம். அளவு மெதுவாகவே ஏறும். ஏறத்தாழ மூன்று மாதம் சென்ற பின்னர் பார்த்தால் போதும்.

விற்றமின் என்றால் எவ்வளவும் எடுக்கலாம் என்று நினைப்பது பிழை. டீ கூடினால் குருதியில் கல்சியம் ஏறும். தாகம், அடிக்கடி சிறுநீர், சத்தி, மலச்சிக்கல், தடுமாற்றம் வரும், சிறுநீரகம் கெடும். வாராந்தக் குளிசையை நாளாந்தம் போட்டு இந்த நிலைக்கு வருவோர் உண்டு. உறையில் 'நாளுக்கு' என்றா 'கிழமைக்கு' என்றா எழுதியிருக்கிறது என்பதை இரண்டு தரம் கேளுங்கள்.

6. விற்றமின் பீ12: கால் எரிவு சொல்லும் செய்தி

பாதம் எரிகிறது, விரல் விறைக்கிறது, நாக்கு சிவந்து நோகிறது, நடக்கும்போது தள்ளாடுகிறது என்போருக்கு வைத்தியர் பீ12 பார்க்கச் சொல்லலாம். 200 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று எடுப்பார்கள். 200 இற்கும் 300 இற்கும் இடையே ஐயமான இடம். அறிகுறி இருந்தால் மேலும் பார்ப்பார்கள். பிக்கோமோலில் வந்தால் 200 என்பது ஏறத்தாழ 148 ஆகும்.

பீ12 மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில் உண்டு. கீரையிலும் தானியத்திலும் நம்பியிருக்கத்தக்க அளவு இல்லை. பால்மாடு இருந்தபோது சைவச் சாப்பாட்டுக்காரருக்கு மோரும் தயிரும் கைகொடுத்தன. மாடு போனபோது அதுவும் போனது. நீரிழிவுக்கு மெற்போமின் குளிசையைப் பல வருடம் எடுப்போருக்கும், வயிற்றெரிவுக்கு ஒமெப்பிரசோல் நீண்டகாலம் எடுப்போருக்கும் பீ12 குறையலாம். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். "இத்தனை வருடமாக எடுக்கிறேன், பீ12 பார்க்க வேண்டுமா?" என்று கிளினிக்கில் கேளுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பீ12 குறைந்தால் இரத்தசோகை வரும். போலிக்கமிலக் குளிசை அந்த இரத்தசோகையைத் திருத்திவிடும். ஆனால் நரம்பின் பழுதைத் திருத்தாது. தாள் நன்றாக வரும், கால் மோசமாகும். கடையில் சும்மா 'விற்றமின் குளிசை' வாங்கிப் போட்டுக் காலம் கடத்தக் கூடாது என்பது இதனால்தான். பிந்தினால் நரம்பு முழுமையாகத் திரும்பாது.

7. சிறுநீரகத்தையும் நினைவில் வையுங்கள்

வடமத்திய மாகாணத்து நெற்செய்கைக் கிராமங்களில், காரணம் உறுதியாகத் தெரியாத ஒரு நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் கவனத்துக்கு வந்தது. வவுனியாப் பக்கத்திலும் அந்த நோயாளர்கள் உண்டு. இந்தப் பிரதேசங்களில் குடியேறி வாழும் எமது குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும். விற்றமின் டீயை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும் கடைசி வேலை சிறுநீரகத்தில்தான் நடக்கிறது. சிறுநீரகம் பழுதானால் கல்சியம் குறையும், பொஸ்பேற்று கூடும். அப்போது கடைக் கல்சியம் உதவாது, கெடுதியும் செய்யலாம். எனவே கல்சியம் குறைந்த தாளில் கிரியற்றினின் என்ற அளவையும் தேடிப் பாருங்கள். அதற்குப் பக்கத்தில் 'எச்' இருந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

8. குளிசை உறையையும் வாசிப்போம்

300 மில்லிகிராம் கல்சியம் லக்ரேற்றுக் குளிசையில் உள்ள உண்மையான கல்சியம் ஏறத்தாழ 40 மில்லிகிராம்தான். 1250 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக் குளிசையில் 500 மில்லிகிராம் கல்சியம் உண்டு. பெயர் ஒன்று, பெரிய எண் ஒன்று. உள்ளே இருப்பது வேறு. "பக்கத்து வீட்டு அக்கா இரண்டு போடுகிறா, நானும் இரண்டு போடுகிறேன்" என்பது இதனால்தான் ஆபத்து.

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியக் குளிசையும் தருவார்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் கல்சியம் இரும்பை மறித்துவிடும். ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் என்று பிரித்து எடுங்கள். இரும்புக் குளிசையைத் தேநீரோடு எடுக்க வேண்டாம். தேசிக்காய்த் தண்ணீர் நல்லது. தைரொக்சின் குளிசை எடுப்போர் கல்சியத்தை 4 மணித்தியாலம் தள்ளி எடுக்க வேண்டும்.

வெற்றிலைச் சுண்ணாம்பிலும் கல்சியம்தானே என்று எமது ஆச்சிமார் கேட்பதுண்டு. உண்மைதான். ஆனால் அதோடு சேரும் பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும். அந்தக் கல்சியம் எமக்கு வேண்டாம்.

9. வேலியோரத்தில் இருந்து தொடங்குவோம்

ஊரில் இருந்தபோது எமது கல்சியம் குளிசையில் வரவில்லை. வேலியில் முருங்கையும் அகத்தியும் நின்றன. பட்டியில் மாடு நின்றது. குரக்கன் பிட்டும் எள்ளுப்பாகும் வீட்டுச் சாப்பாடு. இடம்பெயர்வு எடுத்துக்கொண்டது காணியை மட்டும் அல்ல, இந்தச் சாப்பாட்டையும்தான். அது பல வருடத்துக்குப் பின் குருதித் தாளில் எழுத்தாக வந்து நிற்கிறது.

வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். 100 கிராம் குரக்கன் மாவில் ஏறத்தாழ 350 மில்லிகிராமும், அதே அளவு பசுப்பாலில் 120 மில்லிகிராமும் உண்டு. நெத்தலி போன்ற சின்ன மீனை முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் பீ12 உம் ஒருங்கே கிடைக்கும். முருங்கையிலைச் சுண்டல், எள்ளு, மோர் ஆகியவையும் கைகொடுக்கும். இரண்டு பேர்ச் காணியில் இருப்பவரும் ஒரு முருங்கைக் கதியாலை ஊன்றலாம். அதற்கு உறுதி கேட்க மாட்டார்கள். முதியவர்களைக் கொட்டிலுக்குள் விட்டுவிடாமல் முற்றத்தில் ஒரு வாங்கு போட்டு இருத்துங்கள். கைகாலில் வெயில் படட்டும்.

10. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கைவிரல்கள் தாமாக மடங்கி இழுத்தல், வாயைச் சுற்றி விறைத்தல், வலிப்பு: கல்சியம் மிகவும் குறைந்திருக்கலாம். கழுத்தில் தைரொயிட்டுச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அடங்காத தாகம், ஓயாத சத்தி, மயக்கம், புத்தி தடுமாறல்: கல்சியம் மிகவும் கூடியிருக்கலாம். இரண்டிலும் தாளைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கிளினிக்குக்குப் போகும்போது கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இந்தப் பரிசோதனை எதற்காகச் செய்யப்பட்டது?
2. என் அளவு எல்லைக்குச் சற்று வெளியேயா, வெகுதூரமா? திரும்பச் செய்ய வேண்டுமா?
3. கல்சியம் குறைவென்றால், அல்புமினும் கிரியற்றினினும் எவ்வளவு?
4. நான் எடுக்கும் மருந்துகள் இதற்குக் காரணமாக இருக்குமா? (எல்லாக் குளிசைகளையும், கடையில் வாங்கியதையும், பையில் போட்டுக்கொண்டு போங்கள்.)
5. இந்தக் குளிசை எவ்வளவு காலத்துக்கு? எப்போது நிறுத்த வேண்டும்?

வைத்தியரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கிளினிக்கில் சனம் கூட, நேரம் குறைவு என்பதை அறிவோம். அதனால்தான் கேள்விகளை முன்னமே எழுதிக்கொண்டு போகச் சொல்கிறோம்.

கூடிப் பேசுவதற்கு

அ. உங்கள் வீட்டில் உள்ள ஒரு தாளை எடுத்து, எண், அலகு, எல்லை, எழுத்து ஆகிய நான்கையும் கண்டுபிடியுங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்.
ஆ. கல்சியம் 8.1, அல்புமின் 3.0 என்றால் திருத்திய கல்சியம் எவ்வளவு? (விடை: 8.9)
இ. இடம்பெயர முன் உங்கள் வீட்டில் கிழமைக்கு எத்தனை நாள் கீரையும் மோரும் இருந்தன? இப்போது எத்தனை நாள்?
ஈ. உங்கள் குடியிருப்பில் வெளியே வராமல் இருக்கும் முதியவர்கள் யார்? அவர்களைப் பார்க்கப் போவது யார்?

அந்த முதியவர் இப்போது பொல்லூன்றி நடக்கிறார். நாம் அவரிடம் எமது பிழையைச் சொன்னோம். "பரவாயில்லை பாதர், நீங்கள் மற்றாக்களுக்கு எண்டாலும் சரியாச் சொல்லுங்கோ" என்றார். அவர் கேட்டதற்காகவே இந்தப் பாடத்தை எழுதினோம். வாசித்து முடிந்தால் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.